தைரியநாதன் உதறிய நிழல்

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரம் முழுசாகப் போகாத இரட்டைக்கட்டில் விரிப்பை இரண்டு முனையில் பிடித்து ஒரே இழுப்பில் உதறினால் சடார் என்று வருமே, அந்தச் சத்தம். அதைக் கேட்ட மாத்திரத்தில், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி சத்திரம் பேருந்து நிலையத்து வெயிலுக்குள் அப்போதுதான் ஒரு காலை வைத்திருந்த தைரியநாதன், திரும்பிக்கூடப் பார்க்காமல், "இடது கை முந்திடுச்சு, ஓரம் மடங்கியிருக்கும்" என்று முகம் தெரியாத யாருக்கோ குறை சொல்லிவிட்டுத் தன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

குறை சொல்ல அவனுக்கு அருகதை இருந்தது. உலகத்தில் வேறெதற்கும் இல்லாவிட்டாலும் அதற்கு இருந்தது. திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இரவு இரவாக விரிப்புகளை உதறி மடித்தே தலை நரைத்தவன் அவன். ஒரு பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று, கிட்டே வந்து, முனையோடு முனை சேர்த்து, விலகிப் போய், மறுபடி கிட்டே வரவேண்டும், ஏறக்குறைய ஒரு கல்யாணம் மாதிரி. ஆனால் இரவு வேலைக்கு அவனோடு சேர ஆளும் கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கும் கிடைக்கவில்லை, ஆகையால் நடுப்பகுதியை மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் சிலுவை மாதிரி விரித்துத் தனியாளாக மடிக்கும் வித்தையைத் தானே கற்றுக்கொண்டிருந்தான். பொழுது விடியுமுன் வேலை முடிந்துவிடும், முதல் பஸ்ஸில் பாலக்கரை அறைக்குப் போய், சன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் படுத்தால், வெயில் என்பது அந்தத் துணியின் ஓட்டை வழியே சுவரில் விழும் ஒரு மஞ்சள் பொட்டு, அவ்வளவுதான்.

பகல் வேலை கொடுங்கள் என்று அவன் கேட்காத மேலாளர் இல்லை. மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள். நாலாவதாக வந்த பாக்கியவதி மேடம் நேற்று மாலை அவனைக் கூப்பிட்டு, பகலில் ஒரு இடம் காலியாகிறது, நாளை ராத்திரி வேலைக்கு வரும்போது சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொன்னபோது, சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய தைரியநாதன், பெயரில் இருந்த தைரியம் அத்தனையும் வற்றிப்போய், "பகல் எப்படி இருக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்றேன் மேடம்" என்றான். வீடு வாங்கப் போகிறவன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆகவே இன்று அவன் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்தான், தான் இருக்கும் ஊரையே. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தொப்பி, தண்ணீர் பாட்டில், பழைய புத்தகக் கடையில் வாங்கி வரிவரியாக மனப்பாடம் செய்திருந்த ஒரு வழிகாட்டிப் புத்தகம். தெப்பக்குளம் பார்ப்பது, நன்னாரி சர்பத் குடிப்பது, மலைக்கோட்டை உச்சிக்கு ஏறி ஊரைப் பார்ப்பது, யாரோடும் பேசாமல் நிதானமாகத் திரும்புவது என்று திட்டம். பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உக்காருங்க ஐயா, கண் ஆபரேஷன் ஆகி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். "இன்னிக்குத்தான் பிரிச்சாங்க" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான். அது பெரிய பொய்யும் இல்லை.

இப்போது அந்தச் சத்தம் கேட்டு, குறையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் காலடியிலிருந்து கிளம்பி, நடைபாதையைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, ஆட்டோ வரிசை முடியும்வரைக்கும், ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு அவன் நிழல் விழுந்து கிடந்தது. வேப்பமரத்தடி மாதிரி குளிர்ச்சியாக இருந்தது அது. அதில் அவன் தொப்பியின் விளிம்பு மட்டும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே ஒரு ஓரமாகத் தெரிந்தது.

கத்திரி வெயில் காலத்துத் திருச்சியில் நிழலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. முதலில் உள்ளே வந்து நின்றுகொள்வார்கள், யாருடையது என்பதை அப்புறம் கேட்பார்கள். ஒரு நாய் வந்து படுத்தது. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். வெள்ளரிக்காய்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண், நாற்பதைத் தாண்டியவள், செல்லாயி என்று பெயர், சாக்கை விரித்து, கூடையை இறக்கி, சாவகாசமாக உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"யோவ் கண்ணாடி. கொஞ்சம் கிழக்கால தள்ளி நில்லு. ஓரத்துக் காய்ல வெயில் படுது."

தள்ளி நின்றான்.

"போதும் போதும். அசையாத."

வாழ்நாளில் ஒரு பெண் அவனை அசையாமல் இருக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் வெள்ளரிக்காய்க்காக என்று நினைத்துக்கொண்டான், ஆனாலும் அசையவில்லை.

காரணம் என்ன என்று பேச்சு வராமல் இல்லை, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு நடந்தது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் சாலை நடுவிலிருந்து இறங்கி வந்து, நிழலுக்குள் நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவனை விசாரித்தார், இத்தனை வருஷமும் ராத்திரி வேலைதானா, பகலில் வெளியே வந்ததே இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தீர்ப்புச் சொன்னார்: "எங்களுக்கு லீவு சேந்து கிடக்குற மாதிரி, இவருக்கு நிழல் சேந்து கிடந்திருக்கு. ஒரே வித்தியாசம், இவருக்கு எடுக்கக் குடுத்துட்டாங்க." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது; அதற்கப்புறம் யார் எங்கே உட்காருவது என்பதுதான் பேச்சு.

தைரியநாதன் தெப்பக்குளத்துக்கு நடந்தான். நிழலும் நடந்தது, நிழலில் இருந்தவர்களும் நடந்தார்கள், வழியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், மெயின்கார்டு கேட் பக்கம் வந்தபோது நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், அந்த ஐம்பது பேரில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். காவலர் இரண்டு பக்கமும் கையைக் காட்டி, "வண்டி நில்லு, நிழல் போகட்டும்" என்றார். நடக்க நடக்கவே சட்டங்கள் உண்டாயின. கைக்குழந்தைக்காரர்களுக்கு நடுப்பகுதி. பார்சல் சுமப்பவர்களுக்குத் தோள் பகுதி. செருப்பில்லாதவர்கள் முன்னால். வடை போடுகிற ஒருவர் தள்ளுவண்டியோடு நுழையப் பார்த்தபோது, "ஆள் வரலாம், அடுப்பு வரக்கூடாது" என்று ஏகமனதாகச் சொல்லப்பட்டது, அவர் அடுப்பை வெயிலில் நிறுத்திவிட்டு நிழலில் நின்றபடி நீளமான கரண்டியால் வடையைத் திருப்பினார். தொப்பியின் நிழல் விழுந்த இடம் தனியாக வட்டமாக இருந்ததால் அதில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு பாதிரியாரும் மட்டும் நடந்தார்கள்.

தைரியநாதனோ, எதைப் பார்க்க நின்றாலும் பின்னாலிருந்து "நில்லுங்க நில்லுங்க" என்றும், நகர்ந்தால் "மெதுவா மெதுவா" என்றும் சொல்லப்பட்டு, தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஊரைப் பார்க்க வந்தவனை ஊர் தரையோடு தரையாகப் பார்த்துவிட்டது. வெளியூர்க் குடும்பம் ஒன்று அவன் நிழலைப் படம் எடுத்துக்கொண்டது. அவனைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தது.

வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் ஒரு விஷயம் அவனுக்கு உறைத்தது: நிழல் விழ வேண்டுமானால் அவன் வெயிலில் நிற்க வேண்டும். ஐம்பது பேர் குளிர்ச்சியாக இருந்த இடத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவன். செல்லாயி இதைக் கவனித்து, "பாவம்யா, மண்டை வெடிச்சிரும்" என்று தன் கிழிந்த குடையை எடுத்து அவன் தலைக்கு மேலே விரித்தாள். விரித்ததுதான் தாமதம், நிழல் சுருட்டிக்கொண்டு குடைக்கடியில் போய்விட்டது, ஐம்பது பேர் மீதும் பொத்தென்று வெயில் விழுந்தது.

"குடையை மடக்கு தாயே!"

"குழந்தை இருக்கும்மா இங்க!"

"உனக்கு அந்தாளு மேல பாசம்னா வீட்ல போயி வச்சுக்க!"

"உங்க வாய்ல என் வெள்ளரிக்காயத் திணிக்க" என்று சொல்லிக்கொண்டே செல்லாயி குடையை மடக்கினாள். பிறகு ஒரு வெள்ளரிக்காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, அவன் கையில் வைத்தாள். "தின்னுக்கிட்டு நில்லு. எனக்கும் வேற வழி தெரியல."

பகல் இப்படித்தான் இருக்குமா என்று தின்றுகொண்டே யோசித்தான். யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதட்டிக்கொண்டே இருந்தார்கள். சலவை அறையில் இயந்திரத்தைத் தவிர அவனோடு எதுவும் பேசாது. பகல் வேலை என்றால் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பார், கிட்டே வருவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். அதற்காகத்தானே இத்தனை மேலாளர்களிடமும் நின்றான்.

நீர்மோர்ப் பந்தல் பக்கம் வந்தபோது வட்டச் செயலாளர் பழனியாண்டி ஓடிவந்தார். காலையில்தான் மேளம் வைத்துத் திறந்த பந்தல். தென்னங்கீற்று வேய்ந்து, தர்ப்பூசணி அறுத்து அடுக்கி, மோர்ப்பானைக்கு மாலை போட்டு வைத்திருந்தும், ஒரு ஆள் உள்ளே இல்லை, எல்லோரும் தைரியநாதனின் நிழலில் நின்றுகொண்டு, "மோரை இங்கிட்டு எடுத்துட்டு வாங்கண்ணே" என்று கூப்பிட்டார்கள்.

பழனியாண்டி அரசியலில் பழுத்தவர். எதிர்க்க முடியாததைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர். தைரியநாதன் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டார். பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். "அண்ணே, நிழல் உங்களோடதுதான், அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வழங்குறது நம்ம வட்டம்னு ஒரு பேனர் கட்டிக்கிறேன். நாளையிலேருந்து காலைல பத்து மணிக்கு வந்து இந்த இடத்துல நின்னாப் போதும். நீங்க எங்கயும் போக வேணாம், எதையும் பாக்க வேணாம்."

"நான் மலைக்கோட்டை பாக்கணும்" என்றான் தைரியநாதன்.

"அதை எதுக்குப் பாத்துக்கிட்டு? அது எங்கயும் போகாது. நிழல்தாண்ணே போயிரும்."

சொல்லி வாய் மூடவில்லை, தரையில் உட்கார்ந்திருந்த செல்லாயி நிழலை விரல்களால் தடவிப் பார்த்து, "ஆமாய்யா, ஓரம் நைஞ்சு போச்சு" என்றாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பல தடவை துவைத்த விரிப்பு மாதிரி நிழலின் ஓரங்களில் இழை பிரிந்து, உள்ளே வெயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஆள் ஏற ஏறத் தேய்ந்திருக்கிறது. காலையில் பந்தலாக இருந்தது இப்போது பாதிப் பந்தல்தான். தொப்பி வட்டத்தில் பாதிரியார் மட்டும் மிஞ்சியிருந்தார், போலீஸ்காரர்கள் எப்போதோ வெயிலுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள்.

துணியைத் தெரிந்தவனுக்கு இது புரிய நேரமாகவில்லை. சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மறுபடி சேர்வதற்கு ராத்திரி ராத்திரியாக வேலை செய்ய வேண்டும். பகல் வேலைக்குப் போனால் அன்றன்றைய நிழல் அன்றன்றைக்கே போகும், எல்லோருக்கும் போகிற மாதிரி. பாக்கியவதி மேடத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் திடீரென்று நாக்கில் கனத்தது. இதுவரை தன் ராத்திரிகள் எல்லாம் வீணாகப் போனவை என்றுதான் அவன் கணக்கு வைத்திருந்தான், அந்தத் துக்கம் அவனுக்குப் பழகியும் போயிருந்தது, வெற்றிலை மாதிரி அதை மென்றுகொண்டே காலம் ஓட்டியிருந்தான். இப்போது அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கையில் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்?

கழுத்துத் துண்டை எடுத்துப் பழனியாண்டியின் தோளில் போட்டான். "உச்சிக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றான்.

"அப்ப நாங்க?" என்றது கூட்டம்.

"விடுங்கப்பா, அந்தாளு ஊர் பாக்க வந்தவரு" என்றாள் செல்லாயி. "சாயங்காலம் நான் ஆண்டார் வீதிப் பக்கம்தான் விப்பேன். தீந்து போச்சா இருக்கான்னு வந்து சொல்லிட்டுப் போ."

மலைக்கோட்டைப் படிகள் பாறையைக் குடைந்து உள்ளே போகிறவை, மேலே கூரை இருக்கிறது; நிழல் தானாகவே மடிந்து அவன் காலடியில் ஒதுங்கிக்கொண்டது. கூட்டம் அடிவாரத்தில் நின்றுவிட்டது. அன்று முதல் தடவையாக அவன் தனியாக இருந்தான், ஆசைப்பட்ட மாதிரி நிதானமாக, மூச்சு வாங்க, வழிகாட்டிப் புத்தகத்தில் படித்ததையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினான். கேட்க ஆளில்லை. நாற்பது படி ஏறியதும் சொல்லவும் பிடிக்கவில்லை.

உச்சியில் கூரை முடிந்து வெறும் பாறை வந்தது. பிற்பகல் வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு வந்த பக்தர்கள், பெரியவர் சிறியவர் வித்தியாசம் இல்லாமல், அரோகரா என்றும் ஐயையோ என்றும் கத்திக்கொண்டு குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தைரியநாதன் வெயிலுக்குள் காலை வைத்தான், சடார், அவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒரு தடித்த மனிதர் ஒற்றைக்காலில் நின்றபடி, மற்றக் காலை மெல்ல இறக்கி வைத்துப் பார்த்து, "கரண்ட் வந்துருச்சு" என்றார்.

அவன் விளிம்புக்குப் போய் ஊரைப் பார்த்தான். காவிரி மணலாகக் கிடந்தது. கோபுரங்கள், மாதா கோயில், பள்ளிவாசல், தண்ணீர்த் தொட்டிகள். அவன் கண் எதைத் தேடியதோ அது கிடைத்தது: தூரத்தில் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடி, அதில் கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள், கைக்குட்டை அளவில், காற்றில் மார்பை நிமிர்த்திக்கொண்டு. இத்தனை வருஷம் மடித்தும் அவை வெயிலில் நிற்பதை அவன் பார்த்ததே இல்லை. அவற்றுக்கு நடுவில் பகல் வேலைக்காரர்கள் இரண்டு பேர் புள்ளியாகத் தெரிந்தார்கள், ஒரு வெள்ளைத் துணுக்கின் இரண்டு முனையில் நின்று, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்தார்கள். நெடுநேரம் அதையே பார்த்தான்.

பிறகு குனிந்து காலடியில் இருந்த நிழலைப் பார்த்தான். இன்னும் ஒரு தடவை உதறத் தாங்கும். பழக்கப்பட்ட கைகளால் அதன் இரண்டு முனையையும் பிடித்து, இடது கை முந்தாமல், தோளிலிருந்து ஒரே வீச்சாக வீசினான். மேற்கிலிருந்து வந்த வெயில் அதை வாங்கி, மலைக்குக் கிழக்கே ஆண்டார் வீதியிலும் அதற்கடுத்த தெருக்களிலும், ஒரு மடிப்பு சுருக்கம் இல்லாமல், கூரையோடு கூரையாகப் பரத்தியது.

அன்று அரை மணி நேரம் கிழக்குத் தெருக்களில் மின்விசிறியை நிறுத்தினார்கள் என்றும், தூங்காத குழந்தைகள் தூங்கின என்றும் பின்னால் சொன்னார்கள். அதைவிட உரக்கச் சொன்னது, மாடியில் வடகம் காயப்போட்டிருந்தவர்கள். மழை வருகிறது என்று பதறி அள்ளி உள்ளே கொண்டுபோன பிறகு சுள்ளென்று வெயில் அடித்ததால், அதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் விளங்கமாட்டான் என்று சொன்னார்கள். தானம் செய்தவன் வாழ்த்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

கீழே வந்தபோது அவன் நிழல் அவன் அளவில் இருந்தது. இன்னும் சொன்னால் ஒரு சுற்று சின்னது, துவைத்துச் சுருங்கிய சட்டை மாதிரி. அடிவாரத்துக் கூட்டம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கலைந்துபோனது. பழனியாண்டி பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், அவனை அடையாளம் தெரியவில்லை. ஆண்டார் வீதியில் செல்லாயி கூடையில் மிச்சமிருந்த இரண்டு காய்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"தீந்து போச்சா?"

"தீந்து போச்சு."

"நல்லா இருந்துச்சுய்யா. கண்ணு கூட அசந்துட்டேன்." கூடையில் கிடந்த காயைத் திருப்பி வைத்துக்கொண்டே, "நாளைக்கு வருவியா?"

"நான் பகல் வேலைக்கு மாறலாம்னு இருக்கேன். மாறிட்டா இனிமே இது சேராது."

செல்லாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அந்த எதிர்பார்ப்புக்கு உடனே வெட்கமும் பட்டான்.

"மாறிக்கய்யா. நாலு ஆளோட பேசலாம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பேசி வருஷக்கணக்காச்சுன்னு. எனக்கென்ன, குடை இருக்கு."

குடையைப் பார்த்தான். ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷத்து ராத்திரி சேந்தா எவ்வளவு வரும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டான்.

அவள் கையை அகல விரித்து, யோசித்து, குறுக்கி, கடைசியில் கூடையின் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். "இவ்வளவு வரும். எனக்கும் கூடைக்கும். குந்திக்கிட்டாப் போதும்."

பொழுது இறங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனான். பாக்கியவதி மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவன் முகம் வெந்து சிவந்திருந்தது, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஆந்தை மாதிரி.

"என்ன தைரியநாதன், பகல் எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு மேடம். எல்லாரும் அதட்டுறாங்க."

"சரி, சம்மதம்தானே? பேரை எழுதிரவா?"

"இல்ல மேடம். ராத்திரியே இருக்கட்டும்."

"எத்தனை வருஷமா கேட்டுட்டு இருந்தீங்க!"

"ஆமா மேடம். வருஷத்துல ஒரு நாள் மட்டும் லீவு வேணும். கத்திரில."

"கத்திரிலயா? அந்த வெயில்ல எங்க போவீங்க?"

"ஊர் பாக்கத்தான். தெப்பக்குளத்தைச் சரியாப் பாக்கல" என்றான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தைரியநாதன் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போனான். குழல் விளக்குக்குக் கீழே, மாடியிலிருந்து அள்ளி வந்த விரிப்புகள் மலையாகக் கிடந்தன, இன்னும் சூடாக, அன்றைய வெயிலின் வாசனையோடு. மேலே கிடந்த ஒன்றை எடுத்து உதறி, நடுப்பகுதியை மோவாய்க்கடியில் இடுக்கி, இரண்டு கைகளையும் விரித்து, முனையோடு முனை சேர்த்து மடித்து மேசையில் வைத்தான். அடுத்ததை எடுத்தான்.